ஞாயிறு மழை பெய்யாத ஊர்

மனிதகுலத்திடமிருந்து வானம் திருடப்பட்டுவிட்டது. எந்த அரசும் ஒப்புக்கொள்ளாத இந்த உண்மையை உலகுக்கு முதன்முதலாக அறிவித்தவர் லைல் நாட்கே. அறிவித்த இடம் அவர் மனைவியின் துணி அலமாரி. கூடத்தில் பேசினால் எதிரொலிக்கிறது என்று, குளிர்காலக் கோட்டுகளுக்கு நடுவே தலையை நுழைத்துக்கொண்டு தன் படத்துக்குக் குரல் பதிவு செய்திருந்தார்.

லைல் எங்கள் ஊர் ஹார்டிஸ் வெல்லில் டயர் கடை வைத்திருந்தவர். இப்போது ஆவணப்பட இயக்குநர். கைபேசியைத் துடைப்பக் கம்பில் கட்டி வானத்தைப் படம் பிடிப்பார். படத்தில் வரும் 'இரகசிய நிலையம்' கால்பந்து மைதானத்துக் கழிப்பறை. வேலிக்கு வெளியே நின்று எடுத்தால் எதுவும் இரகசியமாகத்தான் தெரிகிறது. கறுப்புக் கண்ணாடி அணிந்த அரசாங்க ஆள் லைலேதான். நிபுணராக வருபவர் ஆடுகளுக்கு மயிர் கத்தரிக்கிறவர். மொத்தம் நாற்பத்தேழு நிமிடம், அதில் ஒன்பது நிமிடம் வெறும் மேகம்.

சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் பாதிப் படத்தில் ஓர் அட்டவணை வருகிறது. வானிலை அலுவலகத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய அட்டவணை. அதன்படி, முப்பத்தொரு ஆண்டுகளில் எங்கள் ஊரில் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட மழை பெய்யவில்லை. "வாரத்துக்கு ஒரு நாள் வானத்தை மூடுவது யார்?" என்று கோட்டுகளுக்குள்ளிருந்து குரல் கேட்கிறது.

நான்தான்.

ஊரின் மழைமானி என் வீட்டுப் பின்புறத்தில் இருக்கிறது. தினமும் காலை ஒன்பது மணிக்குப் பார்த்து எழுதி அனுப்புவது என் வேலை. சம்பளமில்லாத வேலை, மரியாதை உண்டு. சனிக்கிழமை கிளப்புக்குப் போய்வந்தவன் ஞாயிறு ஒன்பது மணிக்கு எழுந்திருப்பதில்லை. அளக்காத நாளைக் காலியாக விட வேண்டும் என்பது விதி. காலியாக விட்டால் ஏன் என்று கேட்பார்களோ என்று பூஜ்யம் போட்டேன். ஞாயிற்று மழையையும் சேர்த்துத் திங்கட்கிழமை எழுதினேன். எங்கள் ஊர்த் திங்கட்கிழமைகள் கொஞ்சம் ஈரமானவை என்பதை லைல் கவனிக்கவில்லை.

இதற்கும் கோதுமைக்கும் என்ன சம்பந்தம் என்று என் தங்கை கிளெனிஸ் போன் செய்தபோதுதான் தெரிந்தது.

"நெவ், ராஸ் இந்த வருஷம் விதைக்க மாட்டேங்கறான்."

ராஸ் அவள் கணவன். மழை வந்தாலும் வராவிட்டாலும் ஏப்ரல் இருபத்தைந்தாம் தேதி அன்சாக் தினம் முடிந்த மறுநாளே விதைக்க டிராக்டரில் ஏறுகிறவன். அன்று மே பதினைந்து.

"டிராக்டர்ல கோளாறா?"

"டிராக்டர் நல்லாத்தான் இருக்கு. மழையைத் திருடறவனுக்கு எதுக்கு விதையைக் கொடுக்கணும்னு கேக்கறான். அந்தப் படத்தை ஆறு தடவை பாத்துட்டான். மாசக் கடைசிக்குள்ள விதை மண்ணுக்குள்ள போகலன்னா இந்த வருஷம் எங்களுக்கு ஒண்ணுமில்ல. நீதானே மழைக்காரன், நீ சொன்னா கேப்பான்."

போனேன். ராஸ் கொட்டகையில் இருந்தான். லைலும் இருந்தார், துடைப்பக் கம்போடு. அவர் முன்னால் சொல்ல வேண்டியிருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

"ராஸ், அந்த ஞாயித்துக்கிழமைப் பூஜ்யமெல்லாம் நான் போட்டது. அளக்கவே இல்ல. தூங்கிட்டேன்."

ராஸ் என்னை வெகுநேரம் பார்த்தான். கோபமில்லை. ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

"உன்ன யாரு மச்சான் மிரட்டினது?"

"யாரும் மிரட்டல. கிளப்புல ரெண்டு பீர் கூடிப்போயிரும், அவ்வளவுதான்."

"முப்பத்தொரு வருஷமாவா?"

"ஆமா."

"நம்பற மாதிரி ஏதாவது சொல்லு."

"உன் கல்யாணமே ஞாயித்துக்கிழமைதானேடா. கொட்டுன மழைல கேக்கு கரைஞ்சு ஓடுச்சே, மறந்துட்டியா?"

இது போதும் என்று நினைத்தேன். ராஸ் நிமிர்ந்து உட்கார்ந்தான். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"கரைஞ்சுது. நானே பாத்தேன். ஆனா அந்த மழை கணக்குல இல்லையே. எங்க போச்சு?"

"திங்கக்கிழமைல போச்சு."

"பாத்தீங்களா லைல்," என்றான். "பெஞ்ச மழையையே இல்லன்னு ஆக்கிருக்காங்க. இது நாம நெனச்சதவிடப் பெருசு."

லைல் கம்பை என் பக்கம் திருப்பினார். "நெவ், அதைத் திரும்ப ஒரு தடவை சொல்லுங்க. வெளிச்சத்துல வந்து நின்னு. 'தூங்கிட்டேன்'கறதை மட்டும் கொஞ்சம் மெதுவா."

சொன்னால் ராஸ் மனசு மாறலாம் என்று சொன்னேன். நாய் குரைத்ததால் இன்னொரு முறை சொன்னேன். காகம் கத்தியதால் மூன்றாவது முறையும் சொன்னேன். மூன்றாவது முறை எனக்கே நம்பிக்கை வரவில்லை.

'மௌனமாக்கப்பட்ட சாட்சி' என்று இரண்டாம் பாகம் வந்தது. என் பாதுகாப்புக்காக முகத்தை மங்கலாக்கியிருந்தார்கள். மறுநாள் கசாப்புக் கடையில் எல்லோரும் என்னிடம் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். வானிலை அலுவலகத்துக்கும் எழுதிப் பார்த்தேன். என் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அட்டவணையிலிருந்து நீக்கப்பட்டன. ஆதாரத்தை அழித்துவிட்டார்கள் என்று லைல் மூன்றாம் பாகத்துக்குத் தயாரானார்.

மே கடைசியில் இருபத்திரண்டு மில்லிமீட்டர் பெய்தது. அக்கம்பக்கத்து நிலங்களெல்லாம் முளைத்தன. ராஸ் வராந்தாவில் நின்று அதைப் பார்த்தான். நம்மைச் சமாதானப்படுத்தப் பெய்யவிடுகிறார்கள் என்று சொன்னானாம்.

ஜூன் ஒன்பதாம் தேதி கிளெனிஸ் கூப்பிட்டாள்.

"விதைக் கோதுமையை ஆட்டுக்குப் போட்டுட்டான். மொத்தத்தையும்."

"நான் இன்னொரு தடவை வந்து பேசட்டுமா?"

"வேண்டாம் நெவ். நீ பேசினதுலதான் அவனுக்கு உறுதியாச்சு."

அவள் பக்கத்தில் ஆடுகள் கத்துவது கேட்டது.

"ரெண்டாம் பாகத்தை நானும் பாத்தேன்," என்றாள். "உன் பேன்ட் ஜிப் தொறந்திருக்கு."

போனை வைத்துவிட்டுப் படத்தைப் போட்டுப் பார்த்தேன். திறந்துதான் இருந்தது. அதை மங்கலாக்கவில்லை.