ஆறு தசம் ஒன்று

பண்ணைக்காரர் ஹுனைஸ் நானாவின் இறால் செத்தது செவ்வாய்க்கிழமை. சனிக்கிழமை காலையில் பள்ளிவாசல் அலுவலகத்தில் விசாரணை. குற்றவாளி நான், ஆனால் அழைப்பு வந்ததோ என் கணவர் நளீமுக்கு. அங்கேயே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் ஊர் முந்தலில் இறால் குளம் வைத்திருப்பவர்கள் இப்போது தண்ணீருக்குள் ஒரு கருவியைத் தொங்கவிடுகிறார்கள். ஒக்சிசன் குறைந்தால் இறால் செத்துவிடும். தண்ணீரில் எவ்வளவு ஒக்சிசன் இருக்கிறதென்று அந்தக் கருவி அளந்து, கருவி விற்ற கம்பனியின் சேர்வருக்கு அனுப்பும். கம்பனியின் ஏபிஐயிடம் முறைப்படி கேட்டால் அந்த எண்ணைத் தரும். கேட்டு வாங்கிவருவதற்காக நான் பைதன் என்ற கம்பியூட்டர் மொழியில் ஒரு சின்ன நிரல், லைப்ரரி என்பார்கள், எழுதினேன். முந்நூற்றுப் பத்தே வரி, எந்தப் பழைய லெப்டொப்பிலும் போனிலும் ஓடும். எண் வந்தால் எண்ணைக் காட்டும். கருவியோ சிக்னலோ நின்று எண் வராவிட்டால் சிவப்பில் 'பதில் இல்லை' என்று காட்டும். அதை நம்பித்தான் நான்கு பண்ணைகள் எனக்கு வேலை தந்திருந்தன.

ஹுனைஸ் நானாவுக்கு அந்தச் சிவப்பு பிடிக்கவில்லை. கொழும்பிலிருந்து இறால் வாங்க வருகிறவர்கள் முன்னால் மானம் போகிறதாம். எந்நேரமும் ஒரு எண் நிற்கவேண்டும் என்றார். இல்லாத எண்ணை நான் எங்கே போய்த் தேடுவது? முடியாதென்று சொல்லிவிட்டேன். அவர் தன் பண்ணையில் கம்பியூட்டர் பார்க்கும் ரிஃபாஸைப் பிடித்து நாலு வரியை மாற்றவைத்தார். பதில் வராவிட்டால் கடைசியாக வந்த எண்ணையே திரும்பவும் காட்டும்படி. பிறகு பெரிய கொடைவள்ளல் மாதிரி அதைக் கூட்டாளிகளுக்கும் கொடுத்திருக்கிறார். இறால் செத்த பிறகு ரிஃபாஸ் இதையெல்லாம் என்னிடம் சொல்லி அழுதான். சபையில் சொல்ல மட்டும் அவனுக்கு வாய் வராதாம். கேடுகெட்டவர்கள், முதல் வரியை மட்டும் தொடாமல் விட்டிருந்தார்கள். 'எழுதியவர்: றிஸ்மினா நளீம்.'

பள்ளிவாசல் தலைவர் லத்தீப் ஹாஜியார் பெரிய கதிரையில் இருந்தார். அவருக்கும் இரண்டு குளங்கள் உண்டு. பக்கத்தில் ஹுனைஸ் நானா, முன்னால் அவருடைய லெப்டொப். எனக்குக் கதவோரம் ஒரு ஸ்டூல்.

"நளீம், ஒங்கட பொஞ்சாதிக்கிட்ட கேளுங்க," என்றார் ஹாஜியார். "இவ எழுதின கம்பியூட்டர் கோடால ஹுனைஸ்ட மூண்டு குளம் செத்திரிக்கி. என்ன சொல்றா?"

"என்னட்டயே கேக்கலாம் ஹாஜியார். எனக்குக் காது நல்லாக் கேக்கும்."

நளீம் என் முழங்கையை அழுத்தினார். நான் கையை உதறினேன்.

ஹுனைஸ் நானா லெப்டொப்பை ஹாஜியார் பக்கம் திருப்பினார். "பேரப் பாருங்க ஹாஜியார். என்ட பேரா இரிக்கி?"

"நாலு வரிய மாத்தினது ஆரு? நான் மாட்டேண்டு சொன்னதத்தானே செஞ்சீங்க?"

"பொய்! பொம்புளைக்கு வாய் நீளம்."

ஹாஜியார் கையை உயர்த்தினார். "யந்திரத்தில ஒரு பிழையும் இல்ல. ஹுனைஸ் தந்ததுதான் என்னட்டயும் ஓடுது. மூண்டு நாளா ஆறு தசம் ஒண்டு, அசையவே இல்ல. அப்ப ஹுனைஸ்ட குளத்தில மட்டும் இந்தப் புள்ளதான் என்னமோ செஞ்சிரிக்கி. நளீம், ஒங்கட பொஞ்சாதி பிழைய ஒத்துக்கொண்டு எழுதித் தரணும். வார வெள்ளிக்கிழம ஜும்ஆவில அறிவிப்போம். இனி எந்தப் பண்ணைப் பக்கமும் போகப்படாது."

ஊர் முழுக்கக் கேட்க என் பெயரை ஒலிபெருக்கியில் வாசிப்பார்கள். அதற்குப் பிறகு எனக்கு யார் வேலை தருவார்கள்? ஆனால் அவர் சொன்ன 'மூண்டு நாள்' காதில் ஏறியதும் எழுந்துவிட்டேன்.

"ஹுனைஸ் நானா, இப்ப ஒங்கட முதலாம் குளத்தில எவ்வளவு?"

அவர் யோசிக்காமல் திரையைப் பார்த்தார். "அஞ்சு தசம் எட்டு."

"குளத்திலதான் தண்ணியே இல்லையே! வியாழக்கிழம இறைச்சு விட்டிட்டீங்க. வெறுஞ் சேறு. கருவி எங்க?"

இவ்வளவு நேரமும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்த நளீம்தான் பேசினார். "இவர்ட பண்ணை ஒப்பீஸ் அலுமாரிக்குள்ள இரிக்கி ஹாஜியார். வயரெல்லாம் சுத்தி வெச்சிரிக்கார். நேத்து நானே கண்டேன்."

அலுமாரிக்குள் கிடக்கும் கருவிக்கு ஐந்து தசம் எட்டு ஒக்சிசன்.

"குளத்துத் தண்ணியில ஒக்சிசன் பகல்ல வெயிலுக்கு ஏறும், ராவில எறங்கும்," என்றேன். "ஒரு மணித்தியாலம் ஒரே மாதிரி நிக்காது. மூண்டு நாள் அசையாம நிண்டா அது குளத்திலயிருந்து வந்த எண் இல்ல, ஹாஜியார். உள்ளுக்க என்ன நடக்குதெண்டு ஆருக்கும் தெரியாது."

ஹாஜியார் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். ஆறு தசம் ஒன்று. விரலால் இழுத்துப் புதுப்பித்தார். ஆறு தசம் ஒன்று. ஜன்னலுக்கு வெளியே வானத்தைப் பார்த்தார். மூன்று நாளாக வெயிலே இல்லை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே ஓடினார். மோட்டார் சைக்கிள் உறுமிக்கொண்டு போனது. செருப்பு வாசலிலேயே கிடந்தது.

கால் மணித்தியாலத்தில் நளீமின் போன் அடித்தது. "ஓம் ஹாஜியார்," என்றவர் என்னிடம் நீட்டினார். "ஒன்னத்தான் கேக்கிறார்."

"மகள்," என்றது குரல். மூச்சு வாங்கியது. "எறால் முழுக்க மூச்சுக்கு மேல வந்து நிக்கிது. நான் என்ன செய்ய?"

அந்த மனிசன் என்னோடு நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை. நல்லா வேணும் என்று சொல்ல நாக்குத் துடித்தது. சொல்லவில்லை.

"காத்தடிக்கிற சக்கரம் எல்லாத்தையும் போடுங்க. புதுத் தண்ணி விடுங்க. தீனி போடாதீங்க. போனப் பாக்காதீங்க, தண்ணியப் பாருங்க."

"பொழைக்குமா மகள்?"

"தெரியாது," என்றேன். தெரியாததைத் தெரியாது என்றுதான் நான் சொல்வேன்.

போனை நளீமிடம் கொடுத்துவிட்டு ஹுனைஸ் நானாவின் முன்னால் இருந்த லெப்டொப்பை என் பக்கம் இழுத்தேன். அவர் தடுக்கவில்லை. முதல் வரியைத் திறந்து என் பெயரை ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன். ரிஃபாஸின் பெயரைப் போடவில்லை. 'எழுதியவர்: ஹுனைஸ்' என்று அடித்து, சேமித்து, திரையை அவருக்கு நேரே திருப்பி வைத்தேன்.

"இப்ப ஒங்கட பேர்தான் இரிக்கி," என்றேன்.