சின்ன சிப்பு போதும்

தேவாரத்து மலையடிவாரத்தில், யானையைக் கண்டதும் அபாயச் சங்கு ஊதும் கேமரா ஒன்றை விவசாயிகள் சங்கம் பொருத்தியிருந்தது. அதற்கான கம்ப்யூட்டரை நன்கொடையாகக் கொடுத்தவர் போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் பிரேம்சிங். மழை மூட்டம் தொடங்கியதும் அதை ஓட்டிய சோலார் பேட்டரி பொழுது சாயும் முன்பே இறங்கியது, கம்ப்யூட்டரும் அணைந்தது. அப்படி அணைந்திருந்தபோதுதான் சங்க உறுப்பினர் ஜெயபாக்கியத்தின் மக்காச்சோளத்தை யானைகள் மிதித்துப்போட்டன.

சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். போடியில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் சூர்யகலா, சிப்பு பதித்த உள்ளங்கையளவு மின்பலகை ஒன்றை மேசைமேல் வைத்தாள்.

“பெரிய கம்ப்யூட்டர எடுத்துட்டு இத மாட்டணும்.”

பிரேம்சிங் சிரித்தார். “செல்போன்ல கெடக்குற மாதிரி சிப்பு. நான் குடுத்ததுக்கு எம்புட்டுக் கட்டளை தெரியும், தெரியுமா?”

“தெரியும்ணே. அது ஒரே கட்டளையில நாலு சோலியச் செய்யும். அந்தக் கட்டளையப் பிரிச்சுப் புரிஞ்சுக்கவே உள்ள தனி ஏற்பாடு வேணும், அதுக்கும் கரண்டு போகும். இதுக்கு எல்லாமே சின்னச் சின்னக் கட்டளை. அதே சோலிக்கு நாலு கட்டளை குடுக்கணும். ஆனா கரண்ட கம்மியாத் தின்னும்.”

“அப்ப உன் கடையில ஏன் பெரிய கம்ப்யூட்டர் வச்சிருக்க?”

“அங்க கரண்டு சுவத்துல இருந்து வருது. வீடியோ வேலைக்கு அதுதான் தோது. இங்க தோதுப்படாது.”

கொடுத்தவர் மனசு நோகக் கூடாது என்று யாரோ முணுமுணுத்தார்கள். முடிவெடுக்காமலே கூட்டம் கலைந்தது.

மறுநாள் சூர்யகலா தானே போய்ப் பலகையை மாட்டினாள். யானையை அடையாளம் காணும் பழைய புரோகிராம் அதில் ஓடவே இல்லை; பெரிய சிப்பின் கட்டளைகளுக்கென்றே தயாரானது அது. இந்தச் சிப்புக்கு ஏற்றபடி அதைத் திரும்ப உருவாக்கினாள். அப்போதும் திணறியது. கேமரா அனுப்பும் படங்களின் எண்ணிக்கையைக் குறைத்தபிறகுதான் சீராக ஓடியது.

சேதி கேட்டுப் பிரேம்சிங் ஜீப்பில் வந்து இறங்கினார். “யாரக் கேட்டு மாத்துன? கழட்டு.”

“மாட்டேண்ணே.” கேமராக் கம்பத்தை மறித்து நின்றாள். “மழை முடியட்டும். இது தோத்துச்சுன்னா நானே கழட்டிர்றேன்.”

“சங்கத்துல பேசிக்கிறேன்” என்று போய்விட்டார்.

அந்த வாரம் முழுக்க வெயில் தலைகாட்டவில்லை. சூர்யகலா தினமும் வந்து பேட்டரியைப் பார்த்தாள். உள்ளுக்குள் பயந்தாள், யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை. ஒரு சாயங்காலம் தூறலுக்கு நடுவே சங்கு அலறியது. ஜெயபாக்கியமும் பக்கத்து நிலத்துக்காரர்களும் தகரத்தைத் தட்டிக்கொண்டு ஓடினார்கள். வரப்புவரை வந்துவிட்ட யானைகள் கொஞ்ச நேரம் நின்று, மலைப்பக்கம் திரும்பின.

அடுத்த கூட்டத்தில் பிரேம்சிங் அசரவில்லை. “ஏதோ குருட்டாம்போக்குல ஊதிருச்சு. என் கம்ப்யூட்டர் வேணாம்னா கம்பத்துல எழுதியிருக்குற என் பேரையும் எடுத்துருங்க.”

ஜெயபாக்கியம் எழுந்தாள். “எடுத்துர்றோம்ணே. வெள்ளாமை எங்களுது. எது வேணும்னு நாங்க சொல்றோம்.”

மற்றவர்களும் தலையாட்டினார்கள். அவருடைய கம்ப்யூட்டரைச் சூர்யகலாவே தூக்கிவந்து ஜீப்பில் வைத்தாள். அவள் முகத்தைப் பார்க்காமல் அவர் வண்டியைக் கிளப்பினார்.

“ஓடைப்பக்கமும் ஒரு கேமரா கட்டணும் சூர்யா” என்றாள் ஜெயபாக்கியம்.

“கட்டிருவோம் மதினி. நீங்க வெரசா ஒரு கம்பத்த நடுங்க.”