நெற்றிக்காசு

தேயிலை லோரி ஓட்டிய திருச்செல்வத்துக்கு நாணயம் சேர்ப்பதில் பைத்தியம். இரண்டு ஐம்பது காசு நாணயங்களை நீட்டி, "எது ப்ரூப், எது சாதா?" என்று மனைவி யுவனேஸ்வரியைக் கேட்பார். அவள் தப்பாமல் தப்பாகவே சொல்வாள்.

"ப்ரூப்னா சேர்த்து வைக்கிறவங்களுக்குன்னே தனியா அடிச்ச காசு லா! காசுல இருக்குற செம்பருத்தியச் சுத்தி கண்ணாடியா மின்னும், பூ மட்டும் பனி படிஞ்ச மாதிரி வெளுத்திருக்கும். ஐயோ, விரல் படக்கூடாது! உனக்கு எந்த ஜென்மத்துல விளங்கப் போவுது?"

நேற்று ரிங்லெட் மலைப்பாதை வளைவில் லோரி கவிழ்ந்தது. இன்று அவரை வீட்டுக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். நெற்றியில் வைக்கக் காசு வேண்டுமென்றதும், அவருடைய பெரியம்மா மணியம்மா அலமாரியைத் துழாவினாள். இருப்பதிலேயே பளபளப்பானதை அதன் பிளாஸ்டிக் கூட்டிலிருந்து பெயர்த்தெடுத்து, சந்தனம் தடவி, கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினாள்.

யுவனேஸ்வரி வாய்க்கரிசி போடக் குனிந்தாள். கண்ணாடியாய் மின்னிய காசில் பூ வெளுத்திருந்தது. அதன்மேல் பெரியம்மாவின் ரேகை அப்படியே பதிந்திருந்தது. பிணத்தின் நெற்றியில் வைத்ததை யார் எடுக்க விடுவார்கள்?

"ப்ரூப்," என்றாள் அவர் காதோரம்.

முதல் தடவையாகச் சரியாகச் சொல்லியிருந்தாள். ஆமாம் என்று சொல்ல வேண்டியவர் கண்ணை மூடிக் கிடந்தார்.