குத்தி நின்ற சில்லு

கண்ணாடிப் பட்டறையில் ஒருவனுக்கு வைத்த பட்டப்பெயர் சாகும்வரை ஒட்டிக்கொள்ளும். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. அவனுக்கு வாய்த்தது முள்வாங்கி. மற்றவர்கள் பேனா செருகும் சட்டைப்பையில் அவன் முள்வாங்கி செருகியிருந்தான், அதனால் வந்த பெயர். கண்ணாடியோடு மல்லுக்கட்டிப் பிழைக்கிறவனுக்கு நாளைக்கு ஒரு சில்லாவது விரலில் ஏறும். ஏறியதும் நேரே அவனிடம்தான் வருவார்கள். கையை வெளிச்சத்துக்குத் திருப்பி, கண்ணை இடுக்கி, "மேல பாரு" என்பான். மேலே பார்த்து முடிப்பதற்குள் எடுத்திருப்பான்.

"பொண்ணு பார்க்கப் போனவன் மாதிரி குறுகுறுன்னு பார்ப்பான், ஆனா எடுத்தது எனக்கே தெரியாதுய்யா" என்பார் ஓரம் தேய்க்கும் பெரியவர். வாயைத் திறந்தால் குறை சொல்லியே பழகிய மனிதர் அவர். அவர் வாயால் அப்படி ஒரு வார்த்தை வாங்குவது லேசில்லை.

ஏறின சில்லை விட்டுவைத்தால் அது உள்ளேயே நடந்து நெஞ்சுக்குப் போய்விடும் என்று பட்டறையில் ஒரு பயம் உண்டு. யார் கிளப்பிவிட்ட கதையோ தெரியாது. ஆனால் எல்லோரும் நம்பினார்கள். சில்லு ஏறினால் எடு, உடனே எடு. பதினெட்டு வருஷமாக அவன் கைக்குத் தெரிந்த ஒரே சட்டம் அதுதான்.

அவனுடைய ஒரே தங்கையைக் கட்டிய மாப்பிள்ளையும் அதே பட்டறைதான். பெரிய கண்ணாடிப் பலகைகளை இரண்டு பேராகத்தான் தூக்க வேண்டும். இவர்கள் இருவரும் ஜோடி. பின்பக்கமாக நடப்பது எப்போதும் மாப்பிள்ளை. "எனக்கு முதுகுல ரெண்டு கண்ணு இருக்கு மச்சான், நீங்க பயப்படாம வாங்க" என்பான். பேச்சுக்குப் பேச்சு சிரிப்பு. தங்கை புகுந்த வீட்டில் ஒரு நாளும் முகம் வாடியதில்லை என்றால் அது அந்த வாயால்தான்.

விபத்துக்கு மூன்று மாதம் முன்பு முதலாளி ஒரு நர்ஸை அழைத்துவந்தார். பட்டறைக்கு ஒருவராவது முதலுதவி படித்திருக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவாம். நர்ஸ் ஆள் குள்ளம், குரல் மட்டும் போலீஸ்காரர் குரல். சுட்டுக்கொண்டால் குழாயடியில் இருபது நிமிஷம் காட்டுங்கள், பற்பசையைப் பூசிக்கொண்டு வந்து நிற்காதீர்கள் என்றார். மூக்கில் ரத்தம் வந்தால் அண்ணாந்து பார்க்காமல், குனிந்து மூக்கைப் பிடியுங்கள் என்றார். மயங்கிக் கிடப்பவர் வாயில் தண்ணீரை ஊற்றாதீர்கள் என்று அதட்டினார். கடைசியில் அவர்கள் தினப்படிப் பழக்கத்திலேயே கைவைத்தார்.

"ஆழமா குத்தி நிக்கிறதைப் பிடுங்கவே கூடாது. அதுதான் அங்க மூடி. மூடியைத் திறந்தா என்ன ஆகும்?"

பட்டறையே முள்வாங்கியைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அவனுக்குச் சுருக்கென்றது. "அப்ப நான் தினமும் எடுக்கிறது?"

"அது தோல்ல நிக்கிற துணுக்கு. தாராளமா எடுங்க. நான் சொல்றது உள்ள இறங்கினது. நீங்களே வந்து செஞ்சு காட்டுங்க."

அடிபட்டவனாகப் படுக்க மாப்பிள்ளை முந்திக்கொண்டான். மேஜைமேல் ஏறிப் படுத்து, தொடையில் ஒரு அடிக்கோலை நிறுத்திப் பிடித்துக்கொண்டு, "என் பொண்டாட்டியைக் கைவிட்டுடாதீங்க மச்சான்" என்று முனகினான். சிரித்துச் சிரித்துப் பெரியவருக்குப் புரையேறிவிட்டது. முள்வாங்கி துணியைச் சுருட்டிக் கோலின் இரண்டு பக்கமும் அணை கொடுத்து, அது அசையாதபடி சுற்றிக் கட்டினான். முதல் தடவையிலேயே சரியாக வந்தது. சான்றிதழ் அவன் பெயருக்குத்தான் வந்தது. முதலாளி அதைச் சட்டம் போட்டு மாட்டினார். அன்றைக்குக் கட்டியது வலது தொடையா இடது தொடையா என்று பிற்பாடு எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்தான். ஞாபகம் வரவில்லை.

விபத்து நடந்த அன்று டீ குடித்துவிட்டு வந்து, ஆளுயர நிலைக்கண்ணாடி ஒன்றைத் தூக்கினார்கள். ஓரத்தில் மயிரிழை விரிசல் இருந்ததை இருவருமே கவனிக்கவில்லை. மேஜைமேல் ஏற்றும்போது பாதியில் முறிந்தது. ஒரு சாண் நீளச் சில்லு மாப்பிள்ளையின் உள்தொடையில் இறங்கி நின்றது.

அவன் மெல்ல உட்கார்ந்தான். ரத்தம் அதிகமில்லை, பேண்ட் துணியில் ஒரு ரூபாய் அகலத்துக்கு நனைந்திருந்தது, அவ்வளவுதான். குனிந்து பார்த்துவிட்டு, தினமும் சொல்வது மாதிரிதான் சொன்னான்.

"கொஞ்சம் பெரிசா ஏறிடுச்சு மச்சான். எடுத்துவிடுங்க."

"மேல பாரு" என்றான் முள்வாங்கி.

மாப்பிள்ளை மேலே பார்த்தான். இவன் இழுத்தான்.

பதினெட்டு வருஷம் பழகிய கைக்கு முன்னால் அரைநாள் பாடம் எந்த மூலைக்கு? பீறிட்ட ரத்தம் முகத்தில் அடித்தபோதுதான் அவனுக்கு நர்ஸின் குரல் கேட்டது. அதற்குப் பிறகு எல்லாவற்றையும் சரியாகவே செய்தான். படுக்க வைத்தான், துணியை வைத்து இரண்டு கையாலும் பலங்கொண்ட மட்டும் அழுத்தினான், வண்டியிலும் கையை எடுக்கவில்லை. "குளிருது மச்சான்" என்றது பாதி வழியில். அதுதான் கடைசி. ஆஸ்பத்திரி வாசலில் நாலு பேர் வந்துதான் அவன் கையை விலக்க வேண்டியிருந்தது.

"குத்தினதை யார் பிடுங்கினது?" என்று டாக்டர் கேட்டார்.

"விழுந்தப்பவே தானா வந்துடுச்சு" என்றான். பயத்தில் வாய்க்கு வந்த பொய். அது இத்தனை நாள் உயிரோடு இருக்கும் என்று அவன் நினைக்கவில்லை.

அவன் பிடுங்கியதைப் பார்த்தவர் பெரியவர் ஒருவர்தான். எப்போதும் சும்மா இருக்காத அந்த வாய் அன்றைக்கு அடைத்துக்கொண்டது. தங்கையிடம் போய், "உன் அண்ணன் கடைசிவரைக்கும் கையை எடுக்கலைம்மா" என்று மட்டும் சொன்னார். அதுவும் உண்மைதானே. அவள் அவனுடைய இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "இந்தக் கைதானே அவரைப் பிடிச்சிட்டிருந்தது" என்று அழுதாள். அன்றைக்கே செத்திருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது. அவனுக்கென்று இருந்த சொந்தம் அவள் ஒருத்திதான். சொன்னால் அவளும் போய்விடுவாள் என்று பயந்து பயந்தே ஒவ்வொரு நாளையும் தள்ளினான்.

நாற்பது நாள் கழித்து, ஒரு காலை, காய்கறி வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனான். அவள் கூடத்தில் உட்கார்ந்து மாப்பிள்ளையின் வேலைப்பையைக் காலி செய்துகொண்டிருந்தாள். அடியில் கிடந்த கண்ணாடிப் பொடி ஒன்று உள்ளங்கையில் ஏறியிருந்தது.

"நல்ல நேரத்துல வந்தே. இதை எடுத்துவிடுண்ணா. நீ எடுத்தாத்தான் வலிக்காது."

கையை நீட்டினாள். எள்ளளவுத் துணுக்கு, தோல்மேலேயே மினுங்கியது. பையிலிருந்து முள்வாங்கியை எடுத்தான். அதன் நுனி அவன் கையில் வெடவெடவென்று ஆடியது. அவள் அவனையே பார்த்தாள்.

"நான்தான் எடுத்தேன், பாப்பா."

"இன்னும் எடுக்கவே இல்லையே."

"இது இல்லை. அவர் கால்ல இருந்தது. தானா விழலை. நான்தான் பிடுங்கினேன்."

அவள் கை அப்படியே நீட்டியபடி இருந்தது. எதிர்வீட்டில் யாரோ துணி துவைக்கும் சத்தம் கேட்டது.

"பிடுங்காம இருந்திருந்தா?"

"ஆஸ்பத்திரி வரைக்கும் உயிரோட வந்திருப்பார். அதுக்கு மேல எனக்குத் தெரியலை. அதுவரைக்கும் வந்திருப்பார்."

"அவரா எடுக்கச் சொன்னார்?"

"சொன்னார். எப்பவும் சொல்றதுதானே. நான்தான் முடியாதுன்னு சொல்லியிருக்கணும்."

 பிறகு யாருக்கோ சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள்.

"அந்த நர்ஸ் வந்தன்னைக்கு அவர் வீட்டுக்கு வந்து எனக்கும் காட்டினார். என் கால்ல கரண்டியை நிறுத்தி, என் பழைய சேலையைச் சுருட்டி வச்சுக் கட்டினார். பிடுங்கவே கூடாது, அதுதான் மூடின்னு ரெண்டு தடவை சொன்னார். உங்க அண்ணன் கட்டின கட்டுக்கு இது உறை போடக் காணாதுன்னு ஒரே பெருமை." நிறுத்தினாள். "எனக்கே தெரியுமேண்ணா. வீட்டுல இருக்கிற எனக்கே தெரியும்."

அவன் தலை குனிந்து அழுதான். எந்த முகத்தை வைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்பது?

"எடு" என்றாள்.

"பாப்பா..."

"எடுத்துட்டுப் போ."

அவன் அவள் விரல்களைப் பிடித்தான். அவள் மேலே பார்க்கவில்லை. அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு தடவை தவறியது, மூன்றாவது தடவை வந்தது. வலித்திருக்கும், அவள் அசையவில்லை. ஒரு பொட்டு ரத்தம் எட்டிப் பார்த்தது. பழக்கத்தில் அவன் கட்டைவிரல் அதை அழுத்தப் போனது.

"விடு. நான் அமுக்கிக்கறேன்."

கையை இழுத்துக்கொண்டு, மற்றக் கைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தாள். அவன் எழுந்து வாசலில் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்த்தான். அத்தனூண்டு காயம், ரத்தம் எப்போதோ நின்றிருக்கும். அவள் அழுத்திய விரலை எடுக்கவே இல்லை.