இல்லாத முட்டைக்கு ஒரு சண்டை

இஸ்ரேலின் ஹைஃபாவில் யூதப் படுகொலை நினைவுநாளுக்கு முந்தைய மாலை, வீட்டுக் கூடங்களில் நாற்காலி போட்டு, நாஜி முகாம்களில் பிழைத்தவர்களின் கதை கேட்பார்கள். சரித்திர ஆசிரியை ஓர்னாவின் கூடத்தில் அவளுடைய பதினொன்றாம் வகுப்பே தரையில் உட்கார்ந்திருந்தது. மேசையில் தண்ணீர் மட்டும். பட்டினிக் கதை கேட்கிற இடத்தில் பிஸ்கட் நீட்டக் கூடாது என்பது ஓர்னாவின் கட்சி.

சொல்ல வந்தவர் மெனாஷே, ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர். அவருடைய அம்மா பிளாங்கா உயிரோடு இருந்தவரை தன் முகாம் நாட்களைப் பற்றி வெளியாரிடம் வாய் திறந்ததில்லை. போன குளிர்காலத்தில் ஆஸ்பத்திரியில் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கக்கா இலோங்காவைப் பத்தி சொல்லு. ஆனா தெய்வமாக்கிடாதே. சரியான சண்டைக்காரி அவ" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினாள்.

மெனாஷேயின் அக்கா சிபோராவுக்கு அது பிடிக்கவில்லை. படியேறும்போதே எச்சரித்துவிட்டாள்: "அந்தக் கேக் கதையை எடுத்தே, எழுந்து போயிடுவேன். அம்மா மானம் கப்பலேறணுமா?" இப்போது கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் காவல் இருந்தாள்.

மெனாஷேவுக்கும் அக்காவிடம் பயம்தான். "இருளிலும் அணையாத சகோதர பாசம்..." என்று ஆரம்பித்தார். பிள்ளைகளின் தலைகள் செல்போனுக்குச் சரிந்தன. முப்பது வருஷம் பின்கண்ணாடி பார்த்தவருக்குத் தூங்குகிற பயணியைத் தெரியாதா?

"சரி, அதை விடுங்க" என்றார். "முகாம்ல ராத்திரி பொம்பளைங்க வாயாலேயே சமைப்பாங்க. அடுப்பு கிடையாது, மாவு கிடையாது. எங்கம்மா ஒரு நாள் வால்நட் கேக் சுட்டா. ஆறு முட்டை உடைச்சா. பெரியம்மா இலோங்கா, 'ஆறா? உங்கப்பன் வீட்டுச் சொத்தாடி? நாலு போதும்'னா. அம்மா, 'உனக்கும் அவர்தானே அப்பன்'னா."

ஒரு பெண் பொத்துக்கொண்டு சிரித்தாள்.

"சண்டை முத்தி, அம்மா முதுகைக் காட்டிப் படுத்துட்டா. விடிஞ்சதும் பெரியம்மாவை வரிசையிலேர்ந்து தனியா இழுத்துட்டுப் போனாங்க. அவ்வளவுதான்."

மெனாஷே தண்ணீர் குடித்தார்.

"அதுக்கப்புறம் சாகுற வரைக்கும் அம்மா நாலு முட்டைதான் போட்டா. கேக்கா அது, செங்கல். பிறந்தநாள் தவறாம தின்னோம். போருக்கப்புறம் பிறந்தும் நாங்க தப்பிக்கலை."

ஈத்தாய் என்ற பையன் கேட்டான்: "மெனாஷே, அப்ப யாரு சொன்னது சரி?"

"நாலு. பெரியம்மாவுக்கும் ஒரு ஓட்டு விழணுமில்ல?"

"ஆறு!" என்றாள் சிபோரா. "நான் ஆறுதான் போடுறேன்."

"அதான் உன் கேக்ல ஆம்லெட் வாசம்."

சிபோரா எழுந்தாள். முதுகைக் காட்டிக்கொண்டு விறுவிறுவென்று வாசலுக்கு நடந்தாள். அவள் கதவுப்பிடியில் கை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றாள்.

"அஞ்சு" என்றாள் திரும்பி. "அதுக்கு ஒண்ணு குறைஞ்சாலும் உன்னோட பேச்சே கிடையாது."

வந்து தம்பியை இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஓர்னா எழுந்து உள்ளே போய் பிஸ்கட் தட்டோடு வந்தாள். முதல் பிஸ்கட்டைச் சிபோராதான் எடுத்தாள், கடித்துப் பார்த்தாள்.

"கடைச் சரக்கு" என்றாள்.