இரு பக்கமும் இறக்கம்

கோம்பையிலிருந்து உத்தமபாளையத்துக்குப் போகும் வாய்க்கால்கரைப் பாதை எட்டு கிலோமீட்டர். போகும்போதும் இறக்கம், வரும்போதும் இறக்கம். மலையடிவாரத்து ஊரிலிருந்து ஆற்றங்கரை ஊருக்கு இறங்கிப் போவதில் அதிசயம் ஒன்றுமில்லை. திரும்பும்போதும் பெடலைத் தொடாமல் இறங்கியே வீடு வந்து சேர்வதுதான் விசேஷம். ஒரு பக்கம் தென்னந்தோப்பு, மறுபக்கம் திராட்சைப் பந்தல், நடுவில் மாட்டுவண்டி அகலத்துக்குச் செம்மண். வாய்க்கால் தண்ணீர் எப்போதும் கிழக்கே மட்டும்தான் ஓடும். பாதை செய்வதைத் தண்ணீர் கண்டுகொள்வதில்லை. தோப்புக்காரர்கள் மொபெட்டில் போகிறவர்கள், இஞ்சினுக்கு மேடு என்ன, பள்ளம் என்ன. அதனால் 2008ஆம் வருஷம் ஆடி மாதத்திலிருந்து பதினாலு வருஷம் இந்தச் சங்கதி இரண்டே பேருக்குத்தான் தெரிந்திருந்தது.

ஒருத்தி பாண்டீஸ்வரி, இன்னொருத்தி ஜான்சி. ஒரே தெருவில் எதிரெதிர் வீடு. பாண்டீஸ்வரியின் அப்பா திராட்சைப் பந்தலில் கவாத்து வெட்டுகிறவர். ஜான்சியின் அப்பாவுக்கு பஜாரில் இரும்புக்கடை. உத்தமபாளையத்தில் பிளஸ் ஒன் படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த நீலச் சைக்கிள் இரண்டு பேருக்கும் ஒரே நாளில் வந்தது. ஆடிக்காற்று தார்ரோட்டில் ஆளைத் தள்ளியதால் வாய்க்கால்கரைக்கு மாறினார்கள். காலையில் சுகமாக இறங்கிப் போனார்கள், சாயங்காலம் சுகமாக இறங்கி வந்தார்கள். மூன்றாம் நாள்தான் உறைத்தது. ஜான்சி ஒரு எலுமிச்சம்பழத்தைப் பாதையில் வைத்துப் பார்த்தாள். கிழக்கே பார்த்து நின்றால் பழம் கிழக்கே உருண்டது; மேற்கே திரும்பி நின்றால் அதுவும் யோசிக்காமல் மேற்கே உருண்டது. "யார்ட்டயும் மூச்சு விடக்கூடாதுடி. நாலு பேருக்குத் தெரிஞ்சா நமக்கு இல்லாமப் போயிரும்," என்றாள் ஜான்சி. இதைச் சொன்னது ஜான்சிதான் என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

பள்ளிக்கூடம் முடிந்து ஜான்சி கேட்டரிங் படித்து மூணாறில் ரிசார்ட் வேலைக்குப் போனாள். லீவுக்கு வந்தால் இரண்டு பேரும் ஒரு நடை இறங்கிவிட்டு வருவார்கள். பாண்டீஸ்வரி உத்தமபாளையத்தில் தையல் கம்பெனிக்குப் போனாள். கம்பத்திலிருந்து விஜய்ராஜ் மாப்பிள்ளையாக வந்து அவள் வீட்டோடு இருந்து மினிவேன் ஓட்டினான். ஒரு நாள் அவன் கேட்டான்: "எட்டு கிலோமீட்டர் மேடேறி வர்றவ நெத்தியில ஒரு சொட்டு வேர்வை இல்லயே. எவன் வண்டியில வந்து எங்கன இறங்குற?" பாண்டீஸ்வரி வாயைத் திறக்கவில்லை. அவன் மூன்று மாதம் பேசாமல் மொட்டைமாடியில் படுத்தான். தெரு அதற்கு மேல் கதை கட்டியது. ஒரு வார்த்தையில் தீர்ந்திருக்கும் விஷயம். லீவில் வந்திருந்த ஜான்சி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாளே தவிர, "சொல்லிரு பாண்டி" என்று மட்டும் சொல்லவில்லை. அதன் பிறகு பாண்டீஸ்வரி தெருமுனைக்கு வருவதற்கு முன்னால் வாய்க்கால் தண்ணீரை முகத்திலும் முதுகிலும் அள்ளித் தெளித்துக்கொண்டு, மூச்சு வாங்குகிற மாதிரி வீட்டுக்குள் நுழையப் பழகினாள். இதை எட்டு வருஷம் செய்தாள். நாள் பூராவும் மிஷினை மிதிக்கிற காலுக்கு மிதிக்காமல் கிடைத்தது அந்த இறக்கம் ஒன்றுதான், அதைவிட ஜான்சிக்குக் கொடுத்த வாக்கு பெரிதாக இருந்தது.

2022 தை மாதம் ஒரு சனிக்கிழமை, ஷிப்ட் முடிந்து வருகிறாள். எதிரே ஹெல்மெட் போட்ட பதினோரு பேர், ஒருவரும் பெடல் மிதிக்கவில்லை, கையை விரித்துச் சிரித்துக்கொண்டு இறங்கி வருகிறார்கள். முன்னால் கியர் சைக்கிளில் ஜான்சி. மூணாறு வேலையை விட்டுவிட்டு வந்து வீட்டு மாடியில் ஹோம்ஸ்டே தொடங்கியது பாண்டீஸ்வரிக்குத் தெரியும்; இது தெரியாது. பக்கத்தில் வந்ததும் ஜான்சி பிரேக் பிடித்து, முகம் பார்க்காமல் சொன்னாள்: "கொஞ்சம் ஓரமா நில்லும்மா, இவுக போயிரட்டும்." பின்னால் வந்த ஒருவர் யாரென்று கேட்க, "லோக்கல் லேடி" என்றாள். பாண்டீஸ்வரி சைக்கிளோடு பந்தல்காலில் ஒட்டி நின்றாள். பதினோரு பேரும் அவளைப் போட்டோ எடுத்துவிட்டுப் போனார்கள். நெஞ்சில் மிதித்த மாதிரி இருந்தது என்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது அவளுக்கு. அப்படிச் சொல்ல அவளுக்கு இருந்த ஒரே ஆள் ஜான்சிதான்.

அன்று பொழுது சாயும்போது தெருவைத் தாண்டிப் போய்க் கேட்டாள். ஜான்சி ஹெல்மெட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "பாத என்ன உங்கப்பன் பட்டாவா? சுருளி அருவிக்கு ஒரு ரூட்டு, கம்பத்துத் தோட்டத்துக்கு ஒரு ரூட்டு, அதுபோல இது ஒன்னு. உன் பேர எங்கயாச்சும் சொன்னனா?"

"சொல்லியிருந்தா இம்புட்டு வலிக்காது. மூனு மாசம் எம்புருசன் எம்மூஞ்சியப் பாக்கலடி. ஒனக்காகத்தான் வாயக் கட்டுனேன்."

"நானா கட்டச் சொன்னேன்?" என்றாள் ஜான்சி.

திங்கட்கிழமை காலையில் பாதை பாண்டீஸ்வரிக்கு ஏற்றமாகிவிட்டது. போகும்போது ஏற்றம், வரும்போதும் ஏற்றம். அதே நேரத்தில் அதே பாதையில் மற்றவர்களுக்கு இறக்கம்தான். மடியிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து வைத்தாள். எந்தப் பக்கம் நின்றாலும் அது அவள் காலடிக்கே உருண்டு வந்தது. அத்தனை பேர் ஏறாமல் விட்ட ஏற்றம் எங்கேயாவது போய்த்தானே சேர வேண்டும் என்று அவளே புரிந்துகொண்டாள். ஆனாலும் பாதைகூட அவர்கள் பக்கம் சேர்ந்ததை அவளால் தாங்க முடியவில்லை. தோப்புக்குள் போய் உட்கார்ந்து அழுதாள். ஊரெல்லாம் பாதையின் புகழ் பரவியதும் விஜய்ராஜுக்கு விஷயம் விளங்கியது. "முன்னாடியே சொல்லிருக்கலாம்ல," என்றான். அதோடு முடித்துக்கொண்டான். பஸ்ஸில் போயேன் என்று வீட்டில் சொன்னார்கள். போகமாட்டேன் என்றாள். கண்டுபிடித்த இரண்டு பேரில் ஒருத்தியாவது பாதையை விடாமல் இருக்க வேண்டும் என்பது அவள் வீம்பு.

ஏறிய உயரம் இறங்காமல் அவளோடு வீட்டுக்கும் வந்து தங்கியது. முதல் வருஷம், குமுளிக்கு ஜீப்பில் ஏறும்போது அடைப்பதுபோல் காது அடைத்தது. இரண்டாம் வருஷம் வீட்டில் அரிசி வேக ஒரு மணி நேரம் கூடுதலாகப் பிடித்தது, சித்திரையிலும் கம்பளி தேவைப்பட்டது. மூன்றாம் வருஷம் கொல்லையில் யாரும் நடாமல் ஏலக்காய் முளைத்தது, அடுப்படிக்குள் காலையில் மேகம் வந்து போனது. தெருவிலிருந்து பார்த்தால் வீடு பழைய இடத்தில்தான் இருக்கிறது, வாசலில் அதே மூன்று படி. விஜய்ராஜ் அந்தப் படிகளை ஏற அரைமணி நேரம் எடுத்துக்கொள்கிறான். சிலிண்டர் போட வருகிறவர் முதல் படியில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுத்தான் மேலே போகிறார். பாண்டீஸ்வரிக்கு மட்டும் மூச்சு வாங்குவதில்லை.

போன மார்கழியில் ஜான்சி போன் செய்தாள், மூன்று வருஷத்துக்குப் பிறகு. "பாண்டி, ஒங்க வீட்டுக் குளிர ரூட்டுல சேத்துருக்கேன். கோவிச்சுக்காத. நாளைக்கு ஏழு மணிக்கு ஆறு பேரு வாராக. டீ மட்டும் போட்டுக்குடு."

ஏழு மணிக்கு வந்தார்கள். இறங்கியே பழகிய கால்கள். இரண்டு பேர் முதல் படியிலேயே காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள், ஒருவருக்கு மூக்கில் ரத்தம் வந்தது, மற்றவர்கள் தெருவிலேயே நின்றார்கள். ஜான்சி மட்டும் தவழ்ந்து இரண்டாம் படி வரை வந்தாள். அங்கே அவளுக்குக் காற்று போதவில்லை. நிலைப்படியில் நீலச் சைக்கிளோடு நின்ற பாண்டீஸ்வரியை நிமிர்ந்து பார்த்துக் கையை நீட்டினாள். "கையக் குடு பாண்டி."

பாண்டீஸ்வரி அந்தக் கையைப் பார்த்தாள். முதல் எலுமிச்சம்பழத்தைப் பாதையில் வைத்த கை அது. பிறகு சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டாள்.

"கொஞ்சம் ஓரமா நில்லும்மா," என்றாள். "எனக்கு வேலைக்கு நேரமாச்சு."

ஜான்சி ஓரமாக ஒதுங்கினாள். வாசலை விட்டு வெளியே வருவதும் பாண்டீஸ்வரிக்கு ஏற்றம்தான். மூன்று படியையும் ஏறித் தெருவுக்கு வந்து, சைக்கிளை வைத்து, வாய்க்கால்கரைக்குத் திருப்பினாள். அன்றைக்கும் போகும்போது ஏற்றம், வரும்போதும் ஏற்றம். எட்டரை மணி ஷிப்டுக்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே போய்ச் சேர்ந்தாள்.