சண்டைக்குச் சொந்தக்காரி

பிணங்கி நிற்கும் தம்பதிகளைப் பேசவைத்துச் சேர்க்கும் ஆலோசகர் பயிற்சிக்கு அண்ணன் போய்க்கொண்டிருந்தான். கடைசி வகுப்பைப் பார்க்க வீட்டாரையும் அழைத்திருந்தார்கள். அண்ணியும் நானும் பின்வரிசையில் உட்கார்ந்தோம்.

அங்கே பயிற்சிக்கு வந்தவர்களே கணவன் மனைவியாக உட்கார்ந்து சண்டை போட வேண்டும். ஒருவர் சொன்னதை மற்றவர் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் பதில் பேசலாம். அண்ணனுக்கு மனைவியாக வந்தவர் ஒரு பல் டாக்டர்.

"பல்லைப் பாருடி, விளம்பரப் பலகை மாதிரி," என்று அண்ணி முணுமுணுத்தாள்.

பல் டாக்டர் தொடங்கினார். "நான் பேசினா ரேடியோ ஓடுதுன்னு நினைச்சுக்கிறீங்க. ஒருநாள் நின்னுபோனாத்தான் திரும்பிப் பாப்பீங்க."

அண்ணி என் தொடையைக் கிள்ளினாள். "இது நான் சொன்னதுடி! துணி மடிச்சுக்கிட்டே சொன்னேன். உங்க அண்ணன் பேப்பரை விட்டுத் தலையைத் தூக்கல."

தெரிந்த வீட்டுச் சண்டை ஒன்றைப் பெயர் சொல்லாமல் கொண்டுவரச் சொல்லியிருந்தார்களாம். அண்ணன் வெளியே தேடி அலையவில்லை.

மேடையில் அவன் நாற்காலியை முன்னால் இழுத்து, முழங்காலோடு முழங்கால் படும்படி உட்கார்ந்தான். "நீ பேசறப்போ நான் கேக்கலைன்னு உனக்குத் தோணுது. பக்கத்துல நான் இருந்தும் நீ தனியா இருந்திருக்க. அது எவ்வளவு வலிச்சிருக்கும்!"

பல் டாக்டரின் கண் கலங்கியது. எல்லோரும் கைதட்டினார்கள். அண்ணி தட்டவில்லை.

"இவ்வளவு பேச்சு இந்த மனுஷன்கிட்ட இருந்திருக்கு பாரேன். வயிறு எரியுதுடி."

"அண்ணி, அது நடிப்பு."

"சண்டை என்னுது. அதுக்கு வந்த சமாதானம் மட்டும் அவங்களுக்கா?"

நான் முந்தானையைப் பிடிப்பதற்குள் அவள் மேடைக்குப் போய்விட்டாள்.

"டாக்டர், கொஞ்சம் எழுந்திரிங்க. அது என் இடம்."

பல் டாக்டர் பதறி எழுந்தார். பயிற்சி கொடுக்கும் மேடம் தன் நோட்டை மூடிவைத்துவிட்டுப் பார்த்தார். அண்ணி உட்கார்ந்தாள். அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை.

"இப்பச் சொல்லுங்க."

"நீ பேசறப்போ நான் கேக்கலைன்னு..."

"அது அவங்களுக்குச் சொன்னது. எச்சில் பதில் எனக்கு வேண்டாம்."

அவன் எங்களைப் பார்த்தான், மேடத்தைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான்.

"நீ கேக்கறப்போ எனக்கு ஒண்ணும் வராது," என்றான் கடைசியில். "மறுநாள் பஸ்ல போறப்போ எல்லாம் வரும். சாயங்காலம் வீட்டுக்கு வந்தா, பழசை எப்படி எடுக்கறதுன்னு வெக்கமா இருக்கும்."

"அப்போ இத்தனை வருஷமா என் பதிலையெல்லாம் அந்த பஸ் கேட்டிருக்கு."

அரங்கமே சிரித்தது. அண்ணி சிரிக்கவில்லை. அந்த பஸ் மீதும் அவளுக்குப் பொறாமை வந்துவிட்டது என்பது எனக்குத் தெரிந்தது.

"பஸ்ல என்ன சொல்வீங்க? அதைச் சொல்லுங்க."

அண்ணன் வாயைத் திறந்தான், மூடினான்.

மேடம் மெல்ல, "அடுத்த ஜோடி காத்திருக்காங்கம்மா," என்றார்.

"இருக்கட்டும் மேடம்," என்றாள் அண்ணி, அவன் மேல் வைத்த கண்ணை எடுக்காமல். "இவர் சொல்லி முடிக்கட்டும்."